ஒரு துண்டு நுரையீரல்: யாருக்காக?

1

எங்க சின்னாத்தா கரிமூட்டம் போட்டவள். சாயல்குடிப் பக்கத்துக் காடுகளில் வேலிக்கருவை வெட்டி, தூர் தோண்டி, கட்டையை வட்டமாக அடுக்கி, மேலே வைக்கோலும் இலைதழையும் பரப்பி, மண் பூசித் தீ வைக்கிற வேலை. மூட்டம் எரியக் கூடாது, புகையணும். எரிஞ்சா சாம்பல், புகைஞ்சாத்தான் கரி. எந்த இடத்துல மண் வெடிச்சுத் தீ வெளிய வருதோ அங்க ஓடி மண் அள்ளி அப்பி, தண்ணி தெளிக்கணும். ராத்திரி பகல் பாக்காமப் பல நாள் காவல் இருக்கணும். காட்டுக்காரர் ஒருத்தர், கரி யாவாரி ஒருத்தர், லாரிக்காரர் ஒருத்தர். புகை மட்டும் சின்னாத்தாவுக்கு. இப்படி முப்பத்திரண்டு வருசம்.

கடைசி நாலு வருசம் அவளுக்கு மூச்சு வாங்கியது. சளியில் கிருமி இல்லை என்று சொல்லிக்கொண்டே இரண்டு தடவை ஆறாறு மாசம் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. 'கருத்த, மெலிஞ்ச, சேரிப் பொம்பளை இருமுனா அது டிபிதான்' என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்குப்படி நடந்தது.

2018 ஐப்பசியில் ஒருநாள் நடுச்சாமம் உதடு நீலம் பூத்துப் போயிற்று. அன்றைக்கு ராமநாதபுரத்தில் மருத்துவக் கல்லூரி கிடையாது. அது வந்தது 2022 ஜனவரியில். நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு மதுரைக்குப் போனோம். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மூக்கையும் வாயையும் மூடி இறுக்கமாக ஒரு மாஸ்க் போட்டு, மெஷின் காற்றைத் தள்ளியது. மூன்றாம் நாள் ஒரு ஊழியர் காகிதத்தை நீட்டினார்: "நுரையீரல்ல சதை எடுத்துப் பாக்கணுமாம். இங்க ஒரு கையெழுத்து, இல்லேன்னா கைநாட்டு."

நான் பேனாவை எடுத்துவிட்டேன். அதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன். கரிமூட்டத் தொழிலாளர்களைச் சேர்த்துச் சங்கம் கட்ட ஐந்து வருசமாக அலைந்துகொண்டிருந்தவன் நான். புகைதான் நுரையீரலைத் தின்கிறது என்று மனு மேல் மனு எழுதியவன். 'ஆதாரம் என்ன?' என்று ஒவ்வொரு அலுவலகத்திலும் கேட்டார்கள். இப்போது ஆதாரம் கிடைக்கப் போகிறது என்று நினைத்தேன். சின்னாத்தாவின் நெஞ்சுக்குள்ளிருந்து.

பணியில் இருந்த இளம் டாக்டர் அம்மா ஒருவர் என்னைத் தடுத்தார். "அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். மயக்கம் எதுவும் இல்லை, நினைவு தெளிவாகத்தான் இருந்தது. நான் சொல்லவில்லை. கட்டிலுக்குப் போய்ச் சொன்னேன். உள்ள குழாய் விட்டு ஒரு துண்டு எடுப்பாங்க ஆத்தா, என்ன நோவுன்னு தெரிஞ்சுபோகும் என்றேன். அவள் மாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு, இரண்டு மூச்சுக்கு ஒரு சொல்லாகக் கேட்டாள்:

"எடுத்துப் பாத்தா... நான் எந்திரிச்சு... நடப்பேனாய்யா? இல்லேன்னா... யாருக்காக ராசா... அது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியோடுதான் இத்தனை வருசமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

2

முதலில் காரியம் என்ன என்று தெரிந்துகொள்வோம். தெரியாமல் அறம் பேசினால் அது வெறும் கோபம்.

நுரையீரல் கோடிக்கணக்கான சின்னஞ்சிறு காற்றறைகளால் ஆனது. அதைச் சுற்றி மெல்லிய சவ்வு. மார்புக்கூட்டின் உள்பக்கம் இன்னொரு சவ்வு. பிராங்கோஸ்கோப் என்ற வளையும் குழாயை மூச்சுக்குழல் வழியாக இறக்கி, சிறு இடுக்கியால் ஒரு துணுக்கைக் கடித்து எடுப்பது ஒரு முறை. குழாயின் முனையைக் குளிரவைத்து, சதையை அதில் உறைந்து ஒட்டச் செய்து இழுத்தெடுக்கும் கிரையோ பயாப்ஸி இன்னொரு முறை. இதில் துண்டு பெரிதாகக் கிடைக்கும், ரத்தப்போக்கும் கூடும். மூன்றாவது, விலா இடுக்கில் துளை போட்டு, கேமரா வைத்து அறுவை செய்து எடுப்பது.

ஆபத்து இரண்டு. ஒன்று ரத்தம். மற்ற இடத்தில் ரத்தம் வந்தால் துணியை வைத்து அழுத்தலாம். மூச்சுக்குழலுக்குள் வந்தால் எங்கே அழுத்துவது? கொஞ்ச ரத்தமே மூச்சை அடைத்துவிடும். இன்னொன்று காற்றுக் கசிவு. சவ்வு கிழிந்து காற்று நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கினால் நுரையீரல் சுருங்கிப் போகும். நன்றாக மூச்சுவிடும் ஆள் ஒரு பக்க நுரையீரல் சுருங்கினாலும் தாங்குவார். ஏற்கெனவே மூச்சு தோற்றுப்போன ஆளுக்குக் கையிருப்பு ஏது? மெஷின் வேறு காற்றை அழுத்தித் தள்ளிக்கொண்டிருக்கிறது. சின்னக் கிழிசலும் அந்த அழுத்தத்தில் பெரிதாகும்.

அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் 2000 முதல் 2011 வரையிலான பதிவுகளைத் தொகுத்து 2016இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நுரையீரல் திசுவில் தழும்பு விழும் நோய்களுக்காக அறுவை முறையில் சதை எடுக்கப்பட்டவர்களைப் பற்றியது. நாள் குறித்து நிதானமாகச் செய்யப்பட்டவர்களில் ஆஸ்பத்திரியிலேயே இறந்தவர்கள் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. திட்டமிடாமல், நெருக்கடியில் செய்யப்பட்டவர்களில் நூற்றுக்குப் பதினாறு பேர். நெருக்கடியில் வந்தவர்கள் முன்னமே மோசமான நிலையில் இருந்தவர்கள் என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். ஆனாலும் வித்தியாசம் கொஞ்சநஞ்சமல்ல.

அதனால்தான் கைதேர்ந்தவர்கள் இதை ஒழுங்கு வைத்துச் செய்கிறார்கள். முதலில் கேட்பது 'எடுக்கலாமா' என்று அல்ல, 'முடிவு தெரிந்தால் சிகிச்சை மாறுமா' என்று. மாறாது என்றால் எடுப்பதில்லை. சிடி ஸ்கேனிலேயே நோயின் உருவம் தெளிவாகத் தெரிந்தால் சதை வேண்டாம் என்று இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்களே சொல்கின்றன. நெஞ்சு நோய் மருத்துவர், ஸ்கேன் பார்ப்பவர், திசு பார்ப்பவர் மூவரும் உட்கார்ந்து பேசியே முடிவெடுக்க வேண்டும். சளி, ரத்தம், ஸ்கேன், நுரையீரலுக்குள் நீர் விட்டு உறிஞ்சி அதில் கிருமி தேடுவது என்று ஆபத்து குறைந்ததையெல்லாம் முதலில் பார்க்க வேண்டும்.

எடுத்தே ஆகவேண்டும் என்றால், ரத்தம் உறைகிறதா, தட்டணுக்கள் போதுமா என்று பார்க்க வேண்டும். ரத்தத்தை இளக்கும் மாத்திரைகளை நாள் கணக்கில் நிறுத்த வேண்டும். இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் குழாயில் அழுத்தம் எவ்வளவு என்று எக்கோவில் பார்க்க வேண்டும். மூச்சுக்குழலில் குழாய் பொருத்தி, முழு ஆக்ஸிஜன் கொடுத்து, இருமாதபடி மயக்கி, துண்டு எடுக்கும் நேரத்துக்கு மெஷினின் அழுத்தத்தைத் தணிக்க வேண்டும். எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே வெளிச் சவ்விலிருந்து தள்ளி நின்று எடுக்க வேண்டும். ஒரே அமர்வில் ஒரு பக்கம் மட்டும்தான். இரண்டு பக்கமும் கிழிந்தால் மீட்பு கடினம். ரத்தத்தை அடைக்கும் பலூன், நெஞ்சில் செருகும் வடிகுழாய், அதைச் செருகத் தெரிந்த ஆள் எல்லாம் பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும். முடிந்தபின் படம் எடுத்துப் பார்த்து, மணிக்கணக்கில் காவல் இருக்க வேண்டும்.

மூட்டத்துக்குக் காவல் இருப்பது மாதிரி என்று சின்னாத்தாவிடம் சொல்லியிருந்தால் உடனே புரிந்திருக்கும். நான் சொல்லவில்லை. எனக்கே அப்போது தெரியாது.

3

இப்போது ஒரு வாதம் வரும். 'இதெல்லாம் மருத்துவப் பிரச்சினை. இதில் சாதி எங்கே வந்தது?'

அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலில் ஒரு சம்பவத்தை எடுத்து வைக்கிறார். அவர் மறைவுக்கு வெகுகாலம் பின்பு, 1990இல் அச்சான நூல் அது. சம்பவம் 1929 டிசம்பரில் 'யங் இந்தியா' இதழில் வந்த கடிதத்தில் உள்ளது. கத்தியவாரில் ஒரு தலித் பள்ளி ஆசிரியர். பிள்ளை பெற்ற மனைவிக்கு மூச்சுத் திணறல். டாக்டர் சேரிக்குள் வரமாட்டேன் என்கிறார். ஊர்ப் பெரிய மனிதர் கட்டணத்துக்கு உத்தரவாதம் சொன்னபின், சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்று நிபந்தனை போடுகிறார். பிள்ளை பெற்று இரண்டு நாள் ஆன உடம்பை வெளியே கொண்டுவருகிறார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிம் கையில் கொடுக்க, அவர் கணவர் கையில் கொடுக்க, கணவர் மனைவிக்கு வைக்கிறார். அதே வழியில் அது திரும்பிப் போகிறது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: நிமோனியா. மருந்து அனுப்பினார். மறுபடி வந்து பார்க்க மறுத்துவிட்டார். அந்தப் பெண் இறந்துபோனாள்.

நெஞ்சைத் தொடாமலே நெஞ்சு நோய்க்குப் பெயர் வைத்த மருத்துவம் அது.

பாரிசில் லென்னக் என்ற மருத்துவர் 1816இல் ஒரு பெண்ணின் நெஞ்சில் நேரடியாகக் காது வைக்கக் கூச்சப்பட்டுக் காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டார். அப்படிப் பிறந்ததுதான் ஸ்டெதஸ்கோப். அங்கேயும் ஒரு விலகல் இருந்தது. ஆனால் அந்த விலகல் இன்னும் நன்றாகக் கேட்பதற்கு வழி திறந்தது. கத்தியவாரில் நடந்த விலகல் கேட்காமல் இருப்பதற்கு. கருவி ஒன்றும் குற்றவாளி அல்ல. தெர்மாமீட்டர் மூன்று கை மாறிப் போனதற்குக் காரணம் பாதரசம் அல்ல.

இது ஒரு முகம். இன்னொரு முகம் எங்கள் கடற்கரையிலேயே இருக்கிறது.

1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்தபின், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலிகள் இந்த வழியாகத்தான் போனார்கள். மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாம் இருந்தது. கங்காணி பிடித்துவந்த ஆண், பெண், பிள்ளைகளை அங்கே நாள் கணக்கில் அடைத்து வைத்து, சோதித்து, அம்மை குத்தி, கொக்கிப்புழு மருந்து கொடுத்து, அதற்கப்புறம்தான் கடல் தாண்ட விட்டார்கள். போனவர்களில் மிகப் பலர் பள்ளர், பறையர், சக்கிலியர். ஊரில் எந்த வைத்தியனும் தொடாத உடம்பு மண்டபத்தில் தலை முதல் கால் வரை தொடப்பட்டது. 'ஒனக்கு என்ன செய்யுது?' என்று கேட்கவா தொட்டார்கள்? தோட்டத்துக்கு நோய் போகக் கூடாது, கூலி வேலை செய்யும் பலத்தோடு போக வேண்டும். அதற்காகத்தான். அம்மை குத்தியதால் உயிர் பிழைத்தவர்கள் இருப்பார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த உடம்பின் சொந்தக்காரரிடம் யாரும் அனுமதி கேட்டதாகத் தெரியவில்லை.

அதே மண்டபம் முகாமில் பிற்பாடு ஈழ அகதிகள் வந்து இறங்கினார்கள். அங்கேயும் வரிசை, பதிவு, பரிசோதனை. எங்கள் கடற்கரைக்கு வரிசையில் நிற்கும் உடம்புகள் புதிதல்ல.

ஆக, ஒடுக்கப்பட்டவரின் உடம்புக்கு மருத்துவம் இரண்டு விதமாகத் தீங்கு செய்திருக்கிறது. ஒன்று, தொடாமல் விட்டது. மற்றொன்று, கேட்காமல் தொட்டது. மருத்துவக் கல்லூரி மேசைகளில் நெடுங்காலம் அறுக்கப்பட்ட 'உரிமை கோராத பிணங்கள்' யாருடையவை என்று நான் சொல்லத் தேவையில்லை. உயிரோடு இருந்தபோது தீட்டு. செத்தபின் பாடம்.

சின்னாத்தாவுக்கு இரண்டும் நடந்தது. நாலு வருசம் யாரும் அவள் நெஞ்சை ஒழுங்காகக் கேட்கவில்லை. ஐந்தாவது வருசம் நெஞ்சுக்குள்ளேயே போகக் காகிதம் வந்தது. நடுவில் இருந்திருக்க வேண்டியது விடுபட்டுவிட்டது.

4

அப்படியானால் சதை எடுப்பதே அத்துமீறல், மறுப்பதே எதிர்ப்பு என்று சொல்லிவிடலாமா? நம் தோழர்கள் சிலர் அப்படிப் பேசுகிறார்கள். நவீன மருத்துவமே அதிகாரம், அறிவு என்றாலே வன்முறை என்று. கேட்க நன்றாக இருக்கிறது. இப்படிப் பேசுகிறவர்களுக்கு மூச்சுத் திணறினால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவார்கள் என்றும் எனக்குத் தெரியும்.

சென்னையில் 1956இல் காசநோய் வேதிசிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு எல்லாம் சேர்ந்து நடத்தியது. நெரிசலான குடியிருப்புகளில் இருந்த ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சானடோரியத்தில் படுக்கை, நல்ல சாப்பாடு, மருந்து கொடுத்தார்கள். மறுபாதிக்கு வீட்டிலேயே மருந்து மட்டும். 1959இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். வீட்டாருக்கும் அதனால் கூடுதலாகத் தொற்றவில்லை. ஊரை விட்டு ஒதுக்கி வைத்தால்தான் குணமாகும் என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது. உலகத்தின் காசநோய் சிகிச்சையையே மாற்றிய ஆய்வு அது. நிரூபித்தது பட்டணத்து ஏழைகளின் நுரையீரல்.

அந்த அறிவு ஏழையின் உடம்பிலிருந்து வந்தது. ஏழைக்கே திரும்பியும் வந்தது. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுப் பிழைத்த லட்சக்கணக்கானவர்களில் எங்க அய்யாவும் ஒருத்தர். ஆகவே உடம்பிலிருந்து அறிவு எடுப்பது தவறு அல்ல. எடுத்தது எங்கே போகிறது, யார் பங்கு கேட்க முடியும் என்பதுதான் கேள்வி.

தெரியாமல் இருப்பதற்கும் விலை உண்டு. அதைக் கட்டுவதும் நாம்தான். இந்தியாவின் 27 மையங்களில் 2012 முதல் 2015 வரை நுரையீரல் திசு நோயாளிகள் 1084 பேரைப் பதிவு செய்து 2017இல் வெளியிட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இருந்தது, சுவாசத்தோடு உள்ளே போன ஏதோ ஒன்றுக்கு நுரையீரல் ஒவ்வாமையால் புண்பட்டுப் போகும் நோய். பூஞ்சை, பறவை எச்சம், ஈரக் கூலரின் காற்று என்று காரணங்கள். மட்கிய வைக்கோல் தூசியால் விவசாயிகளுக்கு வருவதும் இந்த வகைதான். இந்த நோய்க்கு முதல் மருந்தே அந்தப் பொருளை விட்டு விலகுவது. இதை டிபி என்று நினைத்து மாத்திரை கொடுத்துவிட்டு, மறுபடி அதே புகைக்கும் தூசிக்கும் அனுப்பினால் என்ன ஆகும்? சின்னாத்தாவுக்கு ஆனதுதான் ஆகும். கல்லுடைக்கிறவர்களின் நுரையீரலில் மணல் தூசி படிந்து வரும் சிலிக்கோசிஸ் எக்ஸ்ரேயில் டிபி மாதிரியே தெரிந்து, டிபி மருந்திலேயே காலம் போய்விடுவது நாடு முழுவதும் நடப்பது.

'என்ன நோய்' என்ற கேள்வி ஒரு சொகுசு அல்ல. பெயர் தெரிந்தால்தான் காரணம் கேட்க முடியும். காரணம் தெரிந்தால்தான் நஷ்டஈடு கேட்க முடியும். எங்கள் ஆட்களின் சாவுக்கு 'மூச்சுத் திணறல்' என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது. எல்லாருக்கும் கடைசியில் மூச்சு நிற்கத்தானே செய்கிறது. மலக்குழிக்குள் விஷவாயு தாக்கி இறந்தவனுக்கும் அதையே எழுதிவிடலாம்.

5

இதையெல்லாம் சொல்லித்தான் அன்றைக்கு நான் அந்த டாக்டர் அம்மாவோடு மல்லுக்கு நின்றேன். "எடுங்க டாக்டர். எங்க சனங்களுக்குத் தெரியணும்." அவர் என்ன சாதி என்று பேச்சை வைத்துக் கண்டுபிடிக்க முயன்றேன். கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, எனக்கல்ல, சின்னாத்தாவுக்கு முன்னால் உட்கார்ந்தார். மருந்துச் சீட்டின் பின்பக்கம் இரண்டு நுரையீரல் வரைந்தார்.

அவர் கேட்ட முதல் கேள்வி: "அம்மா, என்ன வேலை பாத்தீங்க?"

நாலு வருசத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்.

சின்னாத்தா மாஸ்க்குக்குள்ளிருந்து சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். எத்தனை வருசம், மூட்டத்துக்கு எந்த வைக்கோல், மழையில் நனைந்து பூத்ததா, மூட்டம் பிரிக்கும்போது துணி கட்டுவீங்களா என்று கேட்டுக் கேட்டு எழுதினார். பிறகு சொன்னார்: "ஸ்கேன்ல தெரியுறதும் நீங்க சொல்றதும் ஒத்துப்போகுது. புகையா, பூஞ்சையா, மண் தூசியா, எல்லாஞ் சேந்ததான்னு நிச்சயமாச் சொல்ல சதை உதவலாம். ஆனா இப்ப எடுக்கணும்னா தொண்டையில குழாய் போட்டு மயக்கணும். உங்க நுரையீரல் இருக்கிற நிலைமைக்கு, போட்ட குழாயைத் திருப்பி எடுக்க முடியும்னு என்னால சொல்ல முடியாது. எடுத்துப் பாத்தாலும் நாங்க குடுக்கப் போறது பெரும்பாலும் இதே மருந்துதான். அதனால இன்னிக்கு வேண்டாம்னு நான் பெரிய டாக்டர்கிட்ட சொல்லப் போறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

சின்னாத்தா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வேணாந்தாயி" என்றாள்.

எனக்கு வந்தது ஏமாற்றம். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அவள் உயிருக்கு ஆபத்து குறைந்ததே என்ற நிம்மதி அல்ல, ஆதாரம் போச்சே என்ற ஏமாற்றம். மண்டபம் முகாமில் உட்கார்ந்திருந்த அதிகாரிக்கும் எனக்கும் அந்த நிமிசத்தில் என்ன வித்தியாசம்? அவனுக்குத் தோட்டம், எனக்குச் சங்கம். அவன் கூலியைப் பார்த்தான், நான் 'மக்களை'ப் பார்த்தேன். கட்டிலில் கிடந்த பொம்பளையை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

நம் இயக்கங்களில் இது புதிதல்ல. செத்தவன் படத்தைப் போஸ்டரில் போடுகிறோம். கெடுக்கப்பட்ட பெண்ணின் பெயரை மேடையில் சொல்கிறோம். சாட்சியம் சொல்லு, சொல்லு என்று நெருக்குகிறோம். நியாயமான காரணத்துக்காகத்தான். ஆனால் நியாயமான காரணமே ஒருத்தரைக் கருவியாக ஆக்கிவிடும் என்று நான் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் கற்றுக்கொண்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பிறகு தேடினேன். சமீரா கோலி வழக்கில் 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பரிசோதனைக்காக மயக்கப்பட்ட பெண்ணுக்கு, அவருடைய தாயின் சம்மதத்தோடு, அப்போதே கருப்பையை எடுத்துவிட்டார்கள். அது செல்லாது என்றது நீதிமன்றம். சோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் சம்மதம் ஆகாது. சுயநினைவும் முடிவெடுக்கும் வயதும் உள்ளவர் தற்காலிகமாக மயக்கத்தில் இருக்கிறார் என்பதற்காக வேறொருவர் கையெழுத்து அவர் கையெழுத்து ஆகாது. உயிரைக் காக்கும் அவசரம் மட்டுமே விதிவிலக்கு. என்ன செய்யப் போகிறோம், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன என்று நோயாளிக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

சட்டம் சரிதான். ஆனால் மூச்சு முட்டுகிறவர் எப்படிச் சம்மதிப்பார்? ஆக்ஸிஜன் குறைந்த மூளை எதற்கும் தலையாட்டும். பயந்தவர் எதற்கும் கைநாட்டு வைப்பார். பரம்பரையாகப் பெரிய மனிதர் நீட்டிய காகிதத்தில் கட்டைவிரலை அழுத்திப் பழகிய சனம், வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் 'மாட்டேன்' என்று சொல்வது லேசா? கடன் பத்திரமும் நிலப் பத்திரமும் அதே கட்டைவிரலில்தான் போனது. ஆகவே சம்மதம் என்பது காகிதம் அல்ல. மறுத்தாலும் மருந்தும் மாஸ்க்கும் குறையாது என்று நோயாளி நம்பும்போதுதான் அது சம்மதம். சின்னாத்தா 'வேணாந்தாயி' என்று சொன்ன மறுநாளும் அந்த டாக்டர் அதே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதனால்தான் அந்த 'வேணாம்' செல்லுபடியானது. 'சரி' என்று சொல்லியிருந்தால் அதுவும் செல்லுபடியாகியிருக்கும்.

6

ஸ்டீராய்டு மருந்தில் கொஞ்சம் தேறினாள். வீட்டுக்கு வந்தாள். மூட்டத்துப் பக்கம் போகவில்லை. பதினாலு மாசம் இருந்தாள். 2020 தையில் திண்ணையில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். நோய்க்கு உறுதியான பெயர் கடைசிவரை கிடைக்கவில்லை. எங்கள் மனுவோடு இணைக்க அறிக்கை எதுவும் இல்லை. அவள் மறுத்ததற்கு நாங்கள் கொடுத்த விலை அது. அது சின்ன விலை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். கொடுக்கத் தகுந்த விலை என்று மட்டும் சொல்வேன்.

இப்போது 'பாதுகாப்பாக' என்ற சொல்லுக்கு வருகிறேன். மூச்சு தோற்ற ஒருவரின் நுரையீரலில் பாதுகாப்பாகச் சதை எடுப்பது எப்படி என்று கேட்டால், பலூன், வடிகுழாய், அழுத்தம் குறைப்பது என்று டாக்டர்கள் பட்டியல் சொல்வார்கள். அது வேண்டும், ஒன்றுகூடக் குறையக் கூடாது. ராமநாதபுரத்தில் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அந்தப் பட்டியல் முழுவதும் எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே கிடைக்க வேண்டும் என்று கேட்பது நம் வேலை. நூறு கிலோமீட்டர் ஆம்புலன்ஸில் குலுங்கி வந்தபின் எடுக்கும் சோதனை நெருக்கடிச் சோதனையாகத்தான் இருக்கும். இரண்டு பேருக்கும் பதினாறு பேருக்கும் நடுவில் இருக்கிற தூரத்தில் ஒரு பங்கு இந்தச் சாலைத் தூரம். நோய் முற்றும் முன், நிதானமாக, நாள் குறித்துச் செய்யும் வசதி யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பாருங்கள். சாதி எங்கே வந்தது என்று கேட்டவர்களுக்கு அதுவும் ஒரு பதில்.

அந்தப் பட்டியலுக்கு முன்னால் நான் இரண்டைச் சேர்ப்பேன். ஒன்று, சின்னாத்தா கேட்டது: யாருக்காக? நோயாளிக்காக என்றால் என்ன மாறும் என்று அவரிடமே சொல்லுங்கள். மற்றவர்களுக்காக, அறிவுக்காக, போராட்டத்துக்காக என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். 'எனக்கு இனி ஒன்னுமில்ல, எம் பிள்ளைகளுக்குத் தெரியட்டும், எடுத்துக்க' என்று ஒருத்தர் சொல்லலாம். அது அவர் கொடுக்கும் கொடை. கேட்காமல் எடுத்தால் அது கொடை ஆகாது.

இரண்டு, சதை எடுக்கும் முன் எடுக்க வேண்டிய சோதனை. 1700இல் இத்தாலியில் ரமஸ்ஸினி என்ற மருத்துவர் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பழைய வைத்தியர்கள் நோயாளியிடம் கேட்கச் சொன்ன கேள்விகளோடு ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்: நீ என்ன வேலை செய்கிறாய்? முந்நூறு வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்தச் சோதனைக்கு மயக்கம் வேண்டாம், குழாய் வேண்டாம், ரத்தம் போகாது. சேரியிலிருந்து வருகிறவரின் வேலையைத் தெரிந்துகொள்ள மனசு வேண்டும், அவ்வளவுதான். சதைத் துண்டு சொல்லும் கதையில் பாதியை அந்த ஒரு கேள்வி சொல்லிவிடும். வரிசையாக நூறு பேரிடம் கேட்டு எழுதி வைத்தால் அதுவே ஆதாரம். ஒருத்தி நெஞ்சைத் திறந்துதான் நிரூபிக்க வேண்டும் என்பதில்லை. இது எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

போன வருசம் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியை இருமலோடு அரசு ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கூட்டிப் போனேன். சீட்டில் பெயர், வயது, ஊர் எழுதினார்கள். வேலை எழுத இடமே இல்லை. எழுதுங்க என்றேன். எதுக்கு என்றார் எழுதியவர். நான் வாயைத் திறக்கும் முன் அவளே சொன்னாள்: "கரிமூட்டம் போடுறேன் சார். பதினோரு வருசமா. எழுதிக்கங்க."

அவர் ஒரு நிமிசம் பார்த்தார். பிறகு வயதுக்குப் பக்கத்தில் இருந்த இடைவெளியில் இடுக்கி எழுதினார். அந்தச் சீட்டின் நகலை வாங்கி வைத்திருக்கிறேன். அவளைக் கேட்டுத்தான் வாங்கினேன். இதுவரை இப்படிச் சேர்ந்தவை நாற்பத்தி மூன்று.